குழலில் ஈயம் பிடிக்கிறதா? கெட்டியாக்குவதற்கு முன் அளந்து பாருங்கள்

கேள்வி: டெக்சஸில் வசிக்கிறேன். போன வருடம் பழைய .357 மேக்னம் ரிவால்வர் ஒன்று வாங்கினேன். ஆறு அங்குலக் குழல். காகித இலக்கில் சுடுவதற்கு மட்டும்தான். கடைத் தோட்டாவின் விலை கட்டுப்படியாகாததால் நானே நிரப்புகிறேன். டயர் கடையில் கிடைத்த பழைய ஈய எடைகளை உருக்கி, 158 கிரெய்ன் குண்டு வார்த்து, இதே ரிவால்வரில் சுடக்கூடிய, சற்றே குட்டையான .38 ஸ்பெஷல் கேஸில் (பித்தளைக் கூட்டில்) மிதமான வெடிமருந்து போடுகிறேன். ஐம்பது ரவுண்டு சுடுவதற்குள் குழலின் பின்பக்கம் சாம்பல் நிறத்தில் ஈயம் அப்பிக்கொள்கிறது. குண்டுகளும் இலக்கில் சிதறுகின்றன. "ஈயம் மெத்தென்று இருக்கிறது, லைனோடைப் (அச்செழுத்து வார்க்கும் கெட்டி ஈயக் கலவை) கலந்து கெட்டியாக்கு" என்றார் கிளப்பில் ஒருவர். கலந்தேன், இன்னும் மோசமாகிவிட்டது. வினிகரும் ஹைட்ரஜன் பெராக்சைடும் குழலில் ஊற்றி வைத்தால் ஈயம் கரைந்துவிடும் என்கிறார் இன்னொருவர். செய்யலாமா அண்ணா? எங்கே கோளாறு?

பதில்: கடைசியில் கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அந்த வினிகர் வேலையைச் செய்யாதீர்கள். ஈயம் கரையும் என்பது உண்மைதான். ஆனால் கரைந்தபின் உங்கள் கையில் இருப்பது ஈய அசிடேட். தண்ணீரில் கரையும் நஞ்சு அது. கட்டி ஈயத்தைத் தொடுவதைவிட அந்தத் தண்ணீரைக் கையாள்வது பல மடங்கு ஆபத்து. அது போதாதென்று, கொஞ்ச நேரம் அதிகமாக விட்டால் எஃகையும் அரிக்கும், நீலப் பூச்சையும் தின்னும். சொரசொரப்பான குழலில் ஈயம் இன்னும் சுலபமாகப் பிடிக்கும். சுத்தம் செய்வது எப்படி என்று பின்னால் சொல்கிறேன்.

இனி உங்கள் கோளாறு. "ஈயம் பிடித்தால் குண்டைக் கெட்டியாக்கு" என்ற யோசனைக்கு வயது அதிகம். .357 மேக்னம் 1935-இல் வந்தபோது தொழிற்சாலைத் தோட்டாவிலேயே வெறும் ஈயக் குண்டுதான் இருந்தது. அந்த வேகத்துக்கு அந்த மெத்தென்ற ஈயம் தாங்காமல் குழலில் அப்பியது என்ற புகார் அன்றைக்கே உண்டு. அங்கிருந்துதான் "கெட்டி ஈயமே நல்ல ஈயம்" என்ற நினைப்பு பரவியிருக்க வேண்டும். ஆனால் அதே காலத்தில் துப்பாக்கி எழுத்தாளர் எல்மர் கீத் .44 ஸ்பெஷல் ரிவால்வரில் கனமான மருந்தோடு சுட்டது பதினாறு பங்கு ஈயத்துக்கு ஒரு பங்கு வெள்ளீயம் கலந்த குண்டை. கெட்டித்தன்மையைக் காட்டும் பிரினெல் அளவில் அது 11-ஐ ஒட்டித்தான் வரும். இன்று கடையில் "ஹார்ட் காஸ்ட்" என்று விற்கும் கெட்டிக் குண்டில் ஏறக்குறைய பாதிக் கெட்டிதான். இன்னொரு சாட்சி, .38 இலக்குச் சுடுதலுக்கென்றே வரும் 148 கிரெய்ன் வாட்கட்டர் என்ற தட்டை முனைக் குண்டு. ஏறக்குறைய தூய ஈயம், அடியில் குழிவு, நகத்தால் கீறலாம். பொருத்தமான குழலில் நாள் முழுக்கச் சுட்டாலும் பெரிதாக ஒன்றும் ஒட்டாது.

ஆக, கெட்டித்தன்மை மட்டும் பதில் இல்லை. குண்டுக்கும் குழலுக்கும் நடுவில் இடைவெளி இருக்கிறதா என்பதே முதல் கேள்வி. கேஸ்கட் தேய்ந்த குக்கரில் ஆவி பக்கவாட்டில் சீறுமே, அதே மாதிரிதான் இங்கே எரிவாயு சீறுகிறது. குண்டின் பக்கவாட்டில் ஈயத்தை அரித்து, அந்தத் துகள்களைக் குண்டுக்கு முன்னால் குழல் சுவரில் தெளிக்கிறது. அடுத்துவரும் குண்டு அதன்மேல் ஏறி அழுத்தித் தேய்க்கிறது. "குண்டின் அடிப்பாகம் சூட்டில் உருகி ஒட்டுகிறது" என்று பலர் நம்புகிறார்கள். குண்டு குழலைக் கடக்க ஆகும் நேரம் நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுதான். அதற்குள் அடிப்பாகம் உருகுவதில்லை. இலக்குக்குப் பின்னால் இருக்கும் மண்மேட்டிலிருந்து எடுத்த குண்டுகளைப் பாருங்கள், அடிப்பாகம் வார்த்த அன்று இருந்தபடியே இருக்கும். அரிப்புத் தடம் பக்கவாட்டில்தான் தெரியும்.

லைனோடைப் கலந்ததும் ஏன் மோசமானது என்பதற்குச் சின்னக் கணக்கு ஒன்று போதும். பிரினெல் எண் என்பது ஒரு சதுர மில்லிமீட்டருக்கு இத்தனை கிலோ என்ற அழுத்தம். 1422-ஆல் பெருக்கினால் அதுவே பி.எஸ்.ஐ. (ஒரு சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு) ஆகிவிடும். உங்கள் டயர் எடை ஈயம் பிரினெல் 12 அளவில் இருக்கும். பெருக்கினால் சுமார் 17,000. .38 ஸ்பெஷலுக்கு அமெரிக்கத் தோட்டாத் தொழில்துறை வைத்திருக்கும் உச்ச அழுத்தமும் 17,000 பி.எஸ்.ஐ.தான். அதாவது, அந்த ஈயமே உங்கள் மிதமான தோட்டாவுக்குக் கொஞ்சம் கெட்டி. சுத்த லைனோடைப் 22. அது 31,000-ஐத் தாண்டும், கிட்டத்தட்ட மேக்னம் அழுத்தம். நீங்கள் பாதிக்குப் பாதி கலந்திருந்தாலும் .38-இன் அழுத்தத்துக்கு அந்தக் குண்டு அசைந்து கொடுக்காது. மெத்தென்ற குண்டாவது பின்னாலிருந்து வரும் அடியில் கொஞ்சம் பருத்து இடைவெளியை அடைத்திருக்கும். அந்த வழியையும் லைனோடைப் மூடிவிட்டது. இந்தப் பெருக்கல் கணக்கு ஒரு கைக்கணக்குதான், வேதவாக்கு இல்லை. ஆனால் எந்தப் பக்கம் தவறு என்பதைக் காட்டிவிடும்.

ஈயம் எங்கே பிடித்திருக்கிறது என்று நீங்களே எழுதியிருப்பது நல்லதாயிற்று. பட்டறைக்கு யாராவது ரிவால்வரோடு வந்து "லீடிங்", அதாவது குழலில் ஈயம் பிடிக்கிறது என்றால் நான் முதலில் கேட்பது அதைத்தான். குழலின் தொடக்கத்தில், குண்டு குழலுக்குள் நுழையும் கூம்பு வாயை ஒட்டிய முதல் அங்குலம் இரண்டு அங்குலத்தில் என்றால், பெரும்பாலும் அளவுப் பொருத்தம் சரியில்லை. குழலின் முனைப் பக்கம் என்றால் மசகு மெழுகு பாதி வழியில் தீர்ந்துவிட்டது. குண்டைச் சுழற்றக் குழலுக்குள் வெட்டிய சுருள் வரிகளில், வரிமேடுகளின் ஓரம் மட்டும் கோடாகப் படிந்திருந்தால், அந்த வேகத்துக்குக் குண்டு மெத்தென்று இருந்து வரிகளைப் பிடிக்காமல் வழுக்கியிருக்கலாம், அல்லது வரிகளின் ஓரம் சொரசொரப்பாக இருக்கலாம். கூம்பு வாயின் ஒரே பக்கத்தில் மட்டும் அப்பியிருந்தால் சிலிண்டர் குழலோடு நேராக நிற்கவில்லை. அது நீங்கள் வீட்டில் சரிசெய்யும் வேலை அல்ல.

உங்களுடையது முதல் வகை. ரிவால்வரில் குண்டு போகும் பாதையை நினைத்துப் பாருங்கள். கேஸிலிருந்து கிளம்பி, சிலிண்டர் அறையின் முன்பக்கக் கழுத்தைக் கடந்து, ஒரு சின்ன இடைவெளியைத் தாண்டி, கூம்பு வாய் வழியாக வரிகளில் ஏறுகிறது. அந்தக் கழுத்து குழலைவிடச் சின்னதாக இருந்தால், நீங்கள் எவ்வளவு பெரிய குண்டு போட்டாலும் கழுத்து அதை இறுக்கிச் சின்னதாக்கித்தான் வெளியே விடும். பிறகு குழலில் அது தொளதொள. தாமிர உறைக் குண்டு மட்டும் சுடுகிறவர்களுக்கு இது தெரியவே தெரியாது. ஈயத்தில் உடனே காட்டிக்கொடுத்துவிடும். பழைய ரிவால்வர்களில், எந்தக் கம்பெனி ஆனாலும், கழுத்து அளவு அறைக்கு அறை மாறுவதையும் பார்க்கலாம்.

அளப்பது எப்படி? ரிவால்வரில் தோட்டா இல்லை என்று இரண்டு முறை பார்த்துக்கொண்டு சிலிண்டரைத் திறந்து வையுங்கள். மீன்பிடிக் கடையில் கிடைக்கும் மெத்தென்ற ஈயக் குண்டுமணி, குழலைவிடச் சற்றே பெரியதாக ஒன்று எடுங்கள். குழலில் எண்ணெய் தடவி, முனையில் வைத்து மரச் சுத்தியலால் மெதுவாகத் தட்டி இறக்குங்கள். பின்பு பித்தளைக் கம்பியால் தள்ளுங்கள். நீளமான மரக்குச்சி வேண்டாம். அது உள்ளே சாய்வாகப் பிளந்து ஆப்பு மாதிரி இறுகிக்கொள்ளும், அப்புறம் குண்டை விட்டுவிட்டுக் குச்சியை எடுக்கத்தான் என்னிடம் வருவீர்கள். தள்ளும்போது கையில் என்ன தெரிகிறது என்பதைக் கவனியுங்கள். சீராகப் போய்க்கொண்டிருந்தது ரிவால்வரின் சட்டத்துக்கு (ஃபிரேமுக்கு) பக்கத்தில் வந்ததும் இறுகினால், குழலைச் சட்டத்தில் திருகி முடுக்கிய இடத்தில் உள்விட்டம் நசுங்கியிருக்கிறது. பழுது பார்க்கிறவர்களுக்கு நன்றாகப் பழக்கமான கோளாறு இது.

வெளியே வந்த ஈயத்தில் வரிப்பள்ளத்தின் அச்சு இருக்கும். அதை மைக்ரோமீட்டரால் அளக்க வேண்டும். டிஜிட்டல் காலிப்பர் இந்த வேலைக்கு ஆகாது. ஆயிரத்தில் ஒரு பங்கு அங்குலத்தை இனி 'தௌ' என்றே சொல்கிறேன். நாம் தேடுவது அரை தௌ, ஒரு தௌ வித்தியாசம். காலிப்பரின் பிழையே அவ்வளவு வரும். இன்னொரு சிக்கலும் உண்டு. ஐந்து வரிப்பள்ளம் உள்ள குழல் என்றால் ஒரு பள்ளத்துக்கு நேர் எதிரே மேடு இருக்கும். சாதா மைக்ரோமீட்டர் தப்பான அளவு காட்டும்.

அப்படியானால் அளவையே விட்டுவிடுங்கள். குழலிலிருந்து வந்த அதே ஈயத்தை சிலிண்டரின் முன்பக்கத்திலிருந்து ஒவ்வொரு கழுத்திலும் விரலால் நுழைத்துப் பாருங்கள். ஆறிலும் லேசான உரசலோடு போனால் கழுத்து சரி. நுழையவே மாட்டேன் என்றால் கழுத்து குழலைவிடச் சின்னது. உங்கள் வியாதி அதுதான். மைக்ரோமீட்டர்கூட வேண்டியதில்லை. அடுத்து, நீங்கள் வார்த்து, அச்சில் அழுத்தி அளவாக்கிய குண்டையும் அதே கழுத்துகளில் போட்டுப் பாருங்கள். பென்சிலால் தள்ளினால் போக வேண்டும். தானாக விழுந்தால் குண்டு சின்னது. சுத்தியல் தேவைப்பட்டால் பெரியது.

.357-இல் நான் விரும்பும் கணக்கு: பள்ளத்தின் விட்டம் 0.357 அங்குலம், கழுத்து 0.358, குண்டும் 0.358. கழுத்து 0.3585 ஆனாலும் கவலை இல்லை. கழுத்து 0.360 வரை தளர்ந்திருந்தால் குண்டையும் அதற்கேற்ற அளவில் வார்த்து அளவாக்கிக்கொள்ளலாம். நிரப்பிய தோட்டா அறையில் தடையின்றி விழுகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். கழுத்து 0.356 என்று வந்தால் அதைப் பெரிதாக்கும் ஒரே வழி ரீமர் என்ற துளை சீவும் கருவி. துப்பாக்கிப் பழுது பார்ப்பவரிடம் கொடுங்கள். சிலிண்டரை மட்டும் கழற்றி அனுப்பினால் போதும், பெரிய வேலை இல்லை. டிரில்லில் எமரித் தாளைச் சுற்றி நீங்களே தேய்க்கப் பார்க்காதீர்கள். ஆறு கழுத்தும் ஆறு அளவில் வரும். எடுத்த எஃகைத் திரும்ப வைக்க முடியாது.

குழலும் கழுத்தும் சரியாக இருந்தும் ஈயம் பிடித்தால் சந்தேகத்தைத் தோட்டாவின் மேல் திருப்புங்கள். பலரும் பார்க்கத் தவறும் இடம் இது. குண்டை 0.358-க்கு அளவாக்கி வைத்திருப்பார்கள், அது கேஸுக்குள் போனபின் என்ன அளவில் இருக்கிறது என்று பார்த்திருக்க மாட்டார்கள். தாமிர உறைக் குண்டுக்காகச் செய்த விரிப்பான், கேஸின் வாயைப் போதிய அளவு விரிக்காது. கெட்டியான பித்தளை, மெத்தென்ற ஈயம். உள்ளே தள்ளும்போது கேஸ்தான் ஜெயிக்கும். கடைசியில் தோட்டா முழுவதையும் மறுபடி அழுத்தும் கார்பைடு வளையம் கொண்ட கிரிம்ப் டை (கேஸின் வாயைக் குண்டின்மேல் இறுக்கும் அச்சு) வைத்திருந்தால் சந்தேகமே வேண்டாம், அதைக் கழற்றி வையுங்கள். ப்ரைமரும் (மருந்தைப் பற்றவைக்கும் மூடி) மருந்தும் இல்லாத வெறும் கேஸில் ஒரு குண்டைப் பொருத்தி, கிரிம்ப் செய்து, உடனே பிடுங்கி அளந்து பாருங்கள். 0.358 உள்ளே போய் 0.356 வெளியே வந்தால், ஈயம் பிடித்ததற்குக் குழலைத் திட்டிப் பயனில்லை. ஈயக் குண்டுக்கென்றே கொஞ்சம் பெரிய விரிப்பான் கிடைக்கிறது, வாங்கிப் போடுங்கள். 9 மில்லிமீட்டர் நிரப்புகிறவர்களுக்கு இந்தத் தொல்லை இன்னும் அதிகம். அந்தக் கேஸின் சுவர் கீழே போகப் போகத் தடிக்கும்.

மசகு பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தேன்மெழுகும் அலாக்ஸ் என்ற மசகுப் பொருளும் சரிபாதி கலந்த பழைய கலவையே .38-இன் வேகத்துக்குத் தாராளம். கடைக் குண்டுகளில் வரும் கெட்டி மெழுகு, பெட்டியில் உதிராமல் ஊர் போய்ச் சேர வேண்டும் என்பதற்காகச் செய்தது. குறைந்த அழுத்தத்தில் அது சரியாக இளகாமலே போகிறது. சுட்டு முடித்ததும் குழல் முனையில் மெழுகு நட்சத்திரம் மாதிரி படிந்திருந்தால் மசகு கடைசிவரை வந்திருக்கிறது என்று அர்த்தம்.

பவுடர் கோட்டிங், அதாவது குண்டின்மேல் பிளாஸ்டிக் தூளைப் பூசிச் சுடுவது, செய்யலாமா என்று அடுத்த கடிதத்தில் கேட்பீர்கள், இப்போதே சொல்லிவிடுகிறேன். செய்யலாம், நன்றாகவே வேலை செய்கிறது, புகையும் குறையும். பிளாஸ்டிக் டப்பாவில் போட்டுக் குலுக்கி, 200 டிகிரி செல்சியஸில் இருபது நிமிடம் சுட்டால் போதும். விட்டம் ஒன்று இரண்டு தௌ கூடும், அதனால் பூச்சுக்குப் பிறகு மறுபடி அளவாக்க வேண்டும். அந்த அடுப்பு சமையலறை அடுப்பாக இருக்கவே கூடாது. ஆனால் கழுத்து சின்னதாக இருக்கும் ரிவால்வரில் பூச்சு கோளாறை மறைக்கும், நீக்காது. ஈயம் ஒட்டுவது நிற்கலாம், இலக்கில் சிதறல் நிற்காது. அதனால் முதலில் கழுத்தைப் பாருங்கள் என்கிறேன்.

இப்போது குழலில் இருக்கும் ஈயத்தை எடுப்போம். பாத்திரம் தேய்க்கும் தாமிர நார் வாங்குங்கள். சுத்தத் தாமிரமா என்று காந்தத்தால் சோதியுங்கள். தாமிர முலாம் பூசிய இரும்பு நாரும் அதே நிறத்தில் கடையில் தொங்குகிறது. காந்தத்தில் ஒட்டினால் குழல் பக்கமே கொண்டுபோகாதீர்கள். தாமிர நார் இழைகளைப் பழைய பித்தளைப் பிரஷில் சுற்றி, ஊடுருவும் எண்ணெய் தடவி ஓர் இரவு விட்ட குழலில் பத்துப் பதினைந்து தடவை ஓட்டினால் ஈயம் தகடு தகடாக உரிந்து வரும். லூயிஸ் லெட் ரிமூவர் என்ற கருவி கூம்பு வாயைச் சுத்தம் செய்வதற்கென்றே ஆனது. உங்கள் கோளாறு அங்கேதான் என்பதால் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். சிலிண்டர் அறைகளையும் மறக்க வேண்டாம். மேக்னம் அறையில் குட்டையான .38 கேஸ் சுட்டுச் சுட்டு, கேஸ் முடியும் இடத்தில் கரியும் ஈயமும் வளையமாகக் கட்டிக்கொள்ளும். அதன்மேல் நீளமான .357 தோட்டாவைப் பலவந்தமாகத் தள்ளினால் கேஸின் வாய் குண்டை விட்டு விரிய இடமில்லாமல் அழுத்தம் ஏறும்.

"கடைசியில் நாலு தாமிர உறைக் குண்டு சுட்டால் ஈயத்தைத் துடைத்துக்கொண்டு போய்விடும்" என்றும் உங்களுக்கு யாராவது சொல்வார்கள். ஈயம் அடைத்துக் குறுகிய குழலில் கெட்டிக் குண்டைச் செலுத்தினால் அழுத்தம் கூடும். அதோடு கொஞ்ச ஈயத்தை எஃகின்மேல் இஸ்திரி போட்டுவிட்டும் போகும். வேண்டாம். மாறாக, ஈயத்துக்கு மாறும் முன்பு பழைய தாமிரக் கறையைக் கரைப்பானால் முழுவதும் எடுத்துவிடுங்கள். தாமிரக் கறையில் ஈயம் நன்றாகவே ஒட்டும்.

நீங்கள் கேட்காத ஒன்று. கார் எடைகளில் இப்போது துத்தநாகமும் இரும்பும் நிறையக் கலந்து வருகின்றன. ஈயம் 327 டிகிரியில் உருகும், துத்தநாகத்துக்கு 420 ஆக வேண்டும். சட்டியை 370-க்குப் பக்கத்தில் வைத்திருந்தால் துத்தநாகம் உருகாமல் மிதக்கும், கரண்டியால் எடுத்துவிடலாம். எடையில் ஈரம் இருக்கிறதா என்று பார்த்து, குளிர்ந்த சட்டியிலேயே போட்டுச் சூடாக்குங்கள். உருகிய ஈயத்துக்குள் ஒரு சொட்டுத் தண்ணீர் போனாலும் நொடியில் ஆவியாகி, சட்டியில் இருப்பது முகத்துக்கு வரும்.

அந்தச் சூட்டில் ஈயம் பெரிதாக ஆவியாவதில்லை. ஆபத்து மேலே மிதக்கும் கசடுத் தூளிலும், விரலிலும், உடுப்பிலும்தான். வார்க்கும் இடத்தில் தண்ணீர்கூடக் குடிக்காதீர்கள். முடித்ததும் சோப்பும் குளிர்ந்த தண்ணீரும் போட்டுக் கை கழுவி, உடுப்பை மாற்றிக்கொண்டு வீட்டுக்குள் போங்கள். வீட்டில் குழந்தைகள் இருந்தால் அந்த உடுப்பைத் தனியாகத் துவையுங்கள். குழந்தைகளின் ரத்தத்தில் டெசிலிட்டருக்கு 3.5 மைக்ரோகிராம் இருந்தாலே கவனிக்க வேண்டும் என்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2021-இல் வரம்பைக் குறைத்தது. உங்கள் மருத்துவரிடம் சொல்லி வருடத்துக்கு ஒருமுறை நீங்களும் ரத்தத்தில் ஈயம் பார்த்துக்கொள்ளுங்கள். ப்ரைமரிலும் ஈயம் உண்டு என்பதால் உள்ளரங்கில் சுடுகிறவர்களுக்கும் இது பொருந்தும்.

இந்தியாவிலிருந்து இதைப் படிப்பவர்களுக்கு: அமெரிக்காவில் சொந்த உபயோகத்துக்குத் தோட்டா நிரப்பக் கூட்டரசு உரிமம் கேட்பதில்லை. இந்தியாவில் 1959-ஆம் வருட ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் தோட்டா செய்வது குற்றம். முயன்று பார்க்க வேண்டாம்.

டெக்சஸ் தம்பிக்கு: லைனோடைப் கலந்த குண்டுகளை வீணாக்காதீர்கள். மறுபடி உருக்கி டயர் எடை ஈயத்தோடு இன்னும் நீர்க்கச் செய்தால் நல்ல கலவைதான். இந்த வாரம் குழலைச் சுத்தம் செய்து, ஈயத்தைத் தட்டி இறக்கி, ஆறு கழுத்திலும் நுழைத்துப் பாருங்கள். பிறகு ஒரு குண்டைப் பொருத்திப் பிடுங்கி அளந்து, அந்த அளவுகளோடு எழுதுங்கள். சட்டத்துக்குப் பக்கத்தில் இறுகியதா என்பதையும் மறக்காமல் சேருங்கள். இறுகியிருந்தால் கழுத்துக்கு ரீமர் போடச் சொல்வதற்கு முன்னால் குழலைப் பார்க்க வேண்டியிருக்கும்.